எம் எழுத்தின் ஒண்டுக்குடித்தனம்

என் வீட்டுக்காரர் செய்த துரோகத்தை நான் ஜன்னல் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகல். இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு அவருடைய அறை வாசலில் நின்றேன். அவர் புரோகிராமர், வீட்டிலிருந்தே வேலை. கதவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார். கணினித் திரையின் முகம் அவருக்கு, முதுகு எனக்கு. அவருக்குப் பின்னால் ஜன்னல். வெளியே வெளிச்சம் குறைந்திருந்ததால் அந்தக் கண்ணாடியில் திரை முழுவதும் இடவலம் மாறித் தெரிந்தது. அதில் இருந்த பூஜ்யத்துக்குள் ஒரு சாய்கோடு ஓடியது.

நான் வரைந்த பூஜ்யத்துக்குள் புள்ளிதான் இருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத்துரு வரைகிறவள். புரோகிராமர்கள் நிரல் எழுதுவதற்கென்றே தனி எழுத்துருக்கள் உண்டு. அவற்றில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கிலத்தில் ஒல்லிப்பிச்சான் ஐயும் பருத்த எம்மும் ஒரே அளவு அறையில்தான் குடியிருக்க வேண்டும். அப்போதுதான் வரிக்கு வரி எல்லாம் நேராக அணிவகுக்கும், பிழை இருந்தால் கண்ணில் படும். பூஜ்யத்தை ஓ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதன் வயிற்றில் ஒரு அடையாளம் வைப்போம். சிலர் கோடு போடுவார்கள். நான் புள்ளி வைத்தேன்.

கண்ணாடியில் தெரிந்தது தவறாக இருக்குமோ என்ற சந்தேகம்கூட எனக்கு வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு எழுத்தைச் சோதிக்க அதைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும்தான் பார்ப்போம். நேராக வைத்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும், பார்க்காது. மாறித் தெரியும் எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் அந்தப் பழைய எழுத்துரு என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். திரையில் என் எழுத்துரு இருந்தது. பூஜ்யத்துக்குள் புள்ளி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

"டீயா? குடு, குடு" என்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எட்டு மாதமாகக் கேட்கும் கேள்வி.

"நல்லா இருக்கு" என்றார். எட்டு மாதமாகச் சொல்லும் பதில். நான் கேட்டது தேநீரைப் பற்றி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அப்போது நான் சண்டை போடவில்லை. போட முடியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீடு முழுக்க அலைந்தேன். மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தேன். என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த மாதிரித் தாள்களின் முன்னால் போய் நின்றேன். நிற்க முடியாமல் வந்துவிட்டேன். சும்மாவே எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நெருப்பின் மேல் நிற்பது போல இருந்தது.

ஏனென்றால் அந்த வாரக் கடைசியில் ஒரு கூட்டம். பதினைந்து வருடமாக எங்கள் அலுவலகத்தில் நான் மற்றவர்கள் வரைந்த எழுத்துகளுக்கு ஓரம் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அது பொய். என் பிள்ளையை நானேதான் வளர்க்க வேண்டியிருந்தது. இதுதான் நானே முதலிலிருந்து வரைந்த முதல் எழுத்துரு. நிரல் எழுதும் செயலி ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனிக்கு அது பிடித்துப்போயிருந்தது. அவர்களுடைய செயலியை யார் திறந்தாலும் முதலில் தெரிவது என் எழுத்தாக இருக்கும். கூட்டத்தில் சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. "என் வீட்டுக்காரர் எட்டு மாசமா இதுலதான் வேலை பார்க்கிறார்" என்று நான் பெருமையாக உளறி வைத்திருந்ததால், அவரும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு நான் வைத்திருந்த செல்லப்பெயர் ஒண்டுக்குடித்தனம். ஒரே அளவு அறை என்றால் எம் எழுத்துக்குத் திணறல், ஐ எழுத்துக்கு வீடெல்லாம் காலி. எனவே எம்மும் ஐயும் அடுத்தடுத்து வந்தால், எம் கொஞ்சம் கையை நீட்டி ஐயின் காலி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஐ கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். இரண்டு அறையின் மொத்த அகலம் மாறாது, எனவே வரிசையும் கலையாது. எழுத்துருவுக்குள் அதற்கென்று ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். அச்செடுத்துப் பார்த்தால் பக்கம் அவ்வளவு அமைதியாக இருக்கும். என் முதலாளி என்னைவிடச் சின்னவள், லேசில் யாரையும் பாராட்ட மாட்டாள். அவளே அந்தத் தாளைத் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டின் போது ஆரம்பித்தேன்.

"எத்தனை மாசமாங்க?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சமாதானமாக இருக்கும்போது நான் அவரை நீ, வா, போ என்பேன். சண்டை வந்தால் மரியாதை கூடிவிடும். அந்த 'ங்க' காதில் விழுந்ததும் அவர் கை தட்டிலேயே நின்றது. எங்களோடு இருக்கும் என் நாத்தனார் பல் டாக்டர். தெருமுனையில்தான் அவளுடைய கிளினிக். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"எது எத்தனை மாசம்?" என்றார்.

"கோடு போட்ட பூஜ்யத்தோட குடும்பம் நடத்துறது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வேறு எந்தக் குற்றச்சாட்டுக்கும் அப்படி வெளிறியிருக்க மாட்டார்.

"ஒரு ஏழு மாசம் இருக்கும்."

"குடுத்தே எட்டு மாசம்தாங்க ஆகுது!"

"முதல் மாசம் நெஜமாவே உன்னோடதுதான் போட்டிருந்தேன்."

"அப்ப நான் உள்ள வரும்போதெல்லாம்?"

"ரெண்டு கீ சேர்த்து அழுத்தினா மாறிடும். அப்படி வச்சிருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் ஒரு எழுத்துக் குடும்பத்தையே இரண்டு விரலுக்கு அடியில் மறைத்திருக்கிறார்.

"கல்யாணத்துக்குத்தான் ஆயிரம் பொய் சொல்லலாம்பாங்க. ஃபான்டுக்குமா அண்ணா?" என்றாள் நாத்தனார் தள்ளி உட்கார்ந்தபடியே.

"நீ சும்மா இரு" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"அதுல என்னங்க குறை? அதையாவது சொல்லுங்க."

"அதான் தெரியல. ஒவ்வொரு எழுத்தும் அழகாத்தான் இருக்கு. ஆனா கொஞ்ச நேரம் வேலை பார்த்தா உட்கார முடியல. எழுந்து போயிடலாம்னு இருக்கு. பக்கத்துல யாரோ உட்கார்ந்து கால ஆட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி."

மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த என் காலை நிறுத்தினேன்.

"கண்ணப் போய்க் காட்டுங்க. வயசு ஏறுதில்ல, வெள்ளெழுத்து வந்திருக்கும். என் ஃபான்ட் மேல ஏன் பழியப் போடுறீங்க?"

"காட்டியாச்சு அண்ணி" என்றாள் நாத்தனார்.

"ஏய்" என்றார் அவர்.

"என்ன ஏய்? நான்தானே கூட்டிட்டுப் போனேன். ரெண்டு டாக்டர்கிட்ட, அண்ணி. கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னா மனுஷன் சந்தோஷப்படணும்ல? இவரு சண்டை போடுறாரு. நல்லாப் பாருங்க டாக்டர், ஏதாவது இருக்கும், பாருங்கன்னு. கண்ணுல குறை இருக்கணும்னு வேண்டிக்கிட்ட ஒரே ஆளு எங்க அண்ணன்தான்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குறை தன் கண்ணில் இருந்துவிட்டால் என் எழுத்தில் இருக்காது என்று இந்த மனுஷர் கண் டாக்டர் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. உறுத்துவது எது என்று கண்டுபிடித்தால் அதை மட்டும் திருத்திவிடலாம். ஆனால் எது என்று அவருக்கே தெரியவில்லையே. மறுநாள் காலை கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் புலம்பினேன்.

"இதுல என்ன இருக்கு அண்ணி? பல்லு வலின்னு வர்றவங்க பாதிப் பேருக்கு எந்தப் பல்லுன்னு தெரியாது. இந்தப் பக்கம் பூராவும் வலிக்குதும்பாங்க. நாங்க ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்ப்போம். ஒண்ணுல துள்ளுவாங்க. நீங்களும் தட்டிப் பாருங்க."

தட்டினேன். பழைய எழுத்துருவின் அடைப்புக்குறிகளை எடுத்து என்னுடையதில் பொருத்தி ஒரு மாதிரி செய்தேன். எண்களை மாற்றி ஒன்று. எழுத்துகள் மொத்தத்தையும் மாற்றி ஒன்று. அதில் ஒண்டுக்குடித்தனத்தில் எம் அகலும்போது வேண்டிய விரிந்த வடிவத்தையும் அந்தப் பழைய எழுத்தின் சாயலிலேயே வரைந்து சேர்த்தேன். எது எது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்து வேலை செய்யச் சொன்னேன். அவர் பாவம், நாள் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்தார். நான்தான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இது?"

"உறுத்துது."

"இது?"

"இதுவும்."

"பொய் சொல்லாதீங்க. இதுல இருக்கிறது எல்லாமே உங்க ஆசைநாயகியோட எழுத்து!"

"அப்படியா? அப்பவும் உறுத்துது."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுத்தையெல்லாம் மாற்றியும் உறுத்தல் அங்கேயே இருக்கிறது என்றால் உறுத்துவது எழுத்து இல்லை. பிறகு எது? ஒண்டுக்குடித்தனத்தைக் கலைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. கட்டி வைத்த தங்கப் பல்லை யாராவது சந்தேகப்படுவார்களா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"தட்டிட்டேன். ஒண்ணும் துள்ளல" என்று நாத்தனாரிடம் சொன்னேன்.

"நீங்க எங்க பார்த்தீங்க தட்டும்போது?"

"எழுத்தத்தான்."

"நாங்க பல்லப் பார்க்க மாட்டோம் அண்ணி. மூஞ்சியப் பார்ப்போம். வலிக்குதுன்னு வாய் சொல்றதுக்கு முன்னாடி கண்ணு சொல்லிடும்."

அடுத்த நாள் அவர் மேசைக்கு எதிரில், திரையின் முதுகுப் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் எழுத்துருவையே போட்டு வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முகத்தை அவ்வளவு நேரம் விடாமல் பார்த்ததில்லை. முதலில் அவருக்குக் கூச்சம். பிறகு வேலையில் மறந்துபோனார். கீழ் உதட்டைக் கடித்துக்கொள்கிறார். நினைத்தது நடந்தால் மூக்கு விரிகிறது. அப்புறம் ஒரு முறை இடது கண்ணின் இமை சட்டென்று சுருங்கி விரிந்தது. கொசு பறந்தால் சுருங்குவது போல.

"நிறுத்துங்க! என்ன அடிச்சீங்க இப்ப?"

"என்னமோ... லிமிட்னு."

"அழிச்சிட்டு மறுபடி அடிங்க."

அழித்தார், இமை சுருங்கியது. அடித்தார், சுருங்கியது. அவருக்கே தெரியவில்லை. நான் எழுந்து அந்தப் பக்கம் ஓடினேன்.

"மெதுவா. ஒவ்வொரு எழுத்தா."

எல் வந்தது. ஐ வந்தது. எம் வந்ததும் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஐ இடப்பக்கம் நகர்ந்துகொண்டது. அடுத்த ஐயைத் தட்டினார். எம் வலது தோளையும் அகட்டிக்கொண்டது. ஒரு எழுத்தை அழித்தார். எம் மறுபடி ஒடுங்கியது. முடித்த எழுத்து, கண் கடந்துபோன எழுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் எழுந்து இடம் மாறிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க, வரிக்கு வரி. எழுத்து வடிவத்தை மாற்றி மாற்றித் தட்டினேனே தவிர, அவற்றை ஆட்டி வைத்த விதியை நான் தொடவேயில்லை.

இது ஏன் என் கண்ணில் படவில்லை? நான் தட்டச்சு செய்யும்போது விசைப்பலகையைப் பார்க்கிறவள். இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டிவிட்டு நிமிர்ந்தால் வார்த்தை முடிந்திருக்கும். பெரும்பாலும் அதுவும் இல்லை. யாரோ எழுதிய நிரலை எடுத்து ஒட்டி, அச்செடுத்து, சுவரில் மாட்டி, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்து கம்பெனிக்காரர்கள் சோதித்ததும் அப்படித்தான். முடிந்த பக்கங்களை அருகருகே வைத்து எது படிக்கச் சுலபம் என்று கேட்டார்கள். எழுத்துரு வரைகிறவர்களுக்கு எழுத்து என்றால் எழுதி முடிந்தது. புரோகிராமருக்கு எழுத்து என்றால் எழுதிக்கொண்டிருப்பது, அழித்துக்கொண்டிருப்பது. அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கத்தான் ஒவ்வொரு மாலையும் தேநீரோடு வந்தேன். வந்தபோதெல்லாம் இந்த மனுஷர் தட்டச்சு செய்வதைப் பார்க்கவிடாமல், நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"கெடைச்சிடுச்சா?" என்றார் ஆவலாக.

"கெடைச்சிடுச்சு" என்றேன். என் தங்கப் பல்லேதான்.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"அத எடுத்துட்டா அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாள்.

"எடுக்கலன்னா தினமும் உறுத்தும்."

"உறுத்துறது என்னன்னு உங்க வீட்டுக்காரருக்கே எட்டு மாசமாத் தெரியல. மத்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிடுமா? முதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும். அப்புறம் மெதுவா அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம். அன்னிக்கு வாயத் திறக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அது உண்மை. என் நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் சரி என்றேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்: மனதாரத்தான் சரி என்றேன். பதினைந்து வருடம் அடுத்தவர் எழுத்துக்கு ஓரம் செதுக்கியவளுக்கு, தன் எழுத்து ஊரெல்லாம் தெரியப்போகிறது என்ற நேரத்தில் நியாயம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அவரிடம், "நீங்க வழக்கமாச் சொல்றதையே சொன்னாப் போதும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

கூட்ட அறை நீளமாக இருந்தது. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் என் எழுத்துருவில் ஒரு பக்கம் நிரல். முதல் முறையாக அவ்வளவு பெரிதாகப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? எதிரில் முடிவு சொல்ல வேண்டிய உயரமான மனிதர், அவர் பக்கத்தில் நாலைந்து பேர். மூலையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு புரோகிராமர் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கால் மேசைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது.

முதலாளி பேசி முடித்தாள். உயரமானவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் எங்களுக்கு முக்கியமான சாட்சி. சொல்லுங்க சார். எட்டு மாசம். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் இவர்.

அதோடு நிறுத்தவில்லை. "சாயங்காலம் ஆனா முன்னாடியெல்லாம் கண்ணு எரியும். இப்ப இல்ல. வேற ஃபான்ட்ல உட்கார்ந்தா யார் வீட்டுலயோ படுத்த மாதிரி இருக்கு. இது நம்ம வீடு மாதிரி" என்றார். குரல் தடுமாறவில்லை. முகத்தில் லேசான சிரிப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள். உயரமானவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவ்வளவு நன்றாக அவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். அந்தக் குரலை ஒவ்வொரு மாலையும் கேட்டிருக்கிறேன். அதே சிரிப்பு, அதே நிதானம். நான் கேட்டு மகிழ்ந்து, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு, என் அறைக்குப் போய் இன்னும் கொஞ்சம் எம்மை வளைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூட்டம் முடிந்தால் அவர் ஆயுசுக்கும் இந்தக் குரலில்தான் என்னிடம் பேச வேண்டும். ஊரார் முன்னால் சொன்ன பொய்யை இனிமேல் திரும்ப வாங்க முடியாது.

"அவர் சொல்றது உண்மையில்ல" என்றேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. முதலாளி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. நான் திரையோடு இணைந்திருந்த விசைப்பலகையை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"லிமிட்னு அடி. மெதுவா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேர் முன்னால் 'ங்க' இல்லாமல் பேசியது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அவருக்கு உடனே உறைத்துவிட்டது. சிரிப்பை எடுத்து வைத்துவிட்டு, அடித்தார்.

சுவர் அளவு பெரிய எம், தோளை அகட்டியது. அழித்தார். ஒடுங்கியது. மறுபடி அடித்தார். நான்கைந்து முறை அப்படிச் செய்யச் சொன்னேன்.

"ஐயோ, இதானா?" என்று மூலையில் இருந்த பெண் எழுந்துவிட்டாள். "ரெண்டு வாரமாச் சோதிச்சுப் பார்க்கச் சொன்னீங்கல்ல? எனக்கு மட்டும்தான் என்னமோ ஆகுதுன்னு நினைச்சேன். எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னதால நானும்..."

உயரமானவர் அவளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், கடைசியாக என்னை.

"இத எடுத்துடலாம்னு சொல்றீங்களா?"

"எடுத்துத்தான் ஆகணும்."

"எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்?"

"ஒரு ஃபான்ட் இருக்கும். நல்ல ஃபான்ட்."

"நல்ல ஃபான்ட் எங்ககிட்ட நிறைய இருக்கும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் முதலாளி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒரு பழைய ஃபான்ட் சுத்தம் பண்ண வந்திருக்கு. திங்கக்கிழமை அத எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் நடந்தாள்.

நாங்கள் இருவரும் நடைபாதையில் நின்றோம்.

"நான் நல்லாத்தானே சொல்லிட்டு இருந்தேன்?" என்றார்.

"அதான்" என்றேன். மேலே பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. தெருவில் அழ எனக்குப் பிடிக்காது. வீடு வரைக்கும் நடந்தே போகலாம் என்றேன். அவரும் கூடவே நடந்தார்.

ஒண்டுக்குடித்தனத்தைக் கலைத்தேன். அந்த விதியை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழித்த பிறகு எம் தன் சின்ன அறையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அதன் கால்களைக் கொஞ்சம் மெலிதாக்கி, நடுக் காலைக் குட்டையாக்கி, மூச்சுவிட இடம் செய்து கொடுத்தேன். ஊரில் உள்ள எல்லா எம்மும் படும் பாடுதான் அது. திருத்திய எழுத்துருவை அவருக்கு அனுப்பிவிட்டு, "வேணும்னா போட்டுக்கோ, வேணாம்னா வேணாம். நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாலையானால் கால் தானாக அவர் அறைப்பக்கம் போகும். பாதியில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். தேநீரை நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினேன். "உங்களுக்குள்ள தூது போறதுக்கு நான் என்ன புறாவா?" என்றாள் அவள். கொஞ்ச நாளில் அவளும் கைவிரித்துவிட்டாள். ஒரு மாலை, மழை வரும்போல் இருந்தது, நானே கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் திரை தெரிந்தது. பூஜ்யத்துக்குள் சாய்கோடு.

அவருடைய வலது கை, பழக்கம் விடாமல், அந்த இரண்டு விசைகளுக்கு மேலே போனது. போய், அங்கேயே நின்றது. அழுத்தவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் கோடு கோடாகவே இருந்தது.

எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். ஆனால் அந்தக் கை நின்றதைப் பார்த்ததில் உள்ளுக்குள் எதுவோ முதல் முறையாக உட்கார்ந்தது.

"காலைல ரெண்டு மணி நேரம் உன்னோடதுல பார்த்தேன்" என்றார். "இப்ப எதுவும் ஆடல. ஆனா அந்தச் சதுர அடைப்பு இருக்கே, அது ரொம்ப ஒல்லி. தேட வேண்டியிருக்கு. அதான் மதியத்துக்கு மேல மாத்திட்டேன்."

"எங்கங்க ஒல்லி?" என்றேன். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்த அடைப்புக்குறிக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

"மரியாதை வந்திடுச்சு" என்று சிரித்தார். "காட்டவா?"

இரண்டு விசைகளை என் முன்னாலேயே அழுத்தினார். ஜன்னலில் கோடு போய்ப் புள்ளி வந்தது. தேநீரை மேசையில் வைத்துவிட்டு, திரையின் முதுகுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.